தாய்மாமனுக்குக் கப்பலில் போன பத்திரிகை

என் மகள் எங்களைக் கப்பலில் ஏற்றிவிட்டது ஓய்வெடுக்க. என் மனைவி ஏறியது கல்யாணப் பத்திரிகை வைக்க. நான் ஏறியது வேளாவேளைக்கு உட்கார்ந்து சாப்பிட. மொத்தம் பன்னிரண்டு நாள் பயணம். எங்களைப் பொறுத்தவரை அது எட்டாம் நாளே முடிந்துபோனது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்து நான்கு வருடம் டைம் ஆபீஸில் இருந்தவன். டைம் ஆபீஸ் என்றால் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிக்கிற இடம். சங்கு ஊதி ஐந்து நிமிடம் கழித்து வந்தவன் யாராக இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான். சைக்கிள் பஞ்சர், மாமியாருக்குச் சீரியஸ், தளவாய்புரம் பஸ் வரவில்லை என்று அத்தனை காரணங்களும் எனக்கு மனப்பாடம். ஆலையில் எனக்கு "அஞ்சு நிமிசம்" என்றே பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதுகுக்குப் பின்னால் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

மகள் பொன்மணிக்குப் பெங்களூரில் வேலை. நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக இந்தக் கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்தாள். அதற்குப் பிறகு அவளுக்கே கல்யாணம் நிச்சயமானது, தை மாதத்தில். பத்திரிகையும் அச்சாகி வந்தது. எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை குலசாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஜோடியாக அவர் வீட்டுக்குப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, நின்றுகொண்டு கொடுக்க வேண்டும். அவர் கைநீட்டி வாங்கிய பிறகுதான் ஊருக்கும் உறவுக்கும். சாமிக்கு வைத்தாகிவிட்டது. மிச்சப் பத்திரிகைகள் பீரோ மேல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன சார், எங்களுக்கெல்லாம் பத்திரிக கெடையாதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தாய்மாமன் பினாங்கில் இருந்தான் என்பதுதான் சிக்கல். சரியாகச் சொன்னால் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் என்ற ஊரில், கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பெயர் வேலுச்சாமி. என் மனைவி முத்துலட்சுமிக்கு ஒரே தம்பி, சுந்தரபாண்டியத்தில் பிறந்து வளர்ந்தவன். இருபத்து நான்கு வருடமாக என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்காவோடு போனில் பேசுவான், நான் போனை வாங்கினால் லைன் கட்டாகிவிடும். அவர்கள் அம்மா இறந்தபோது சுந்தரபாண்டியம் வந்து காரியத்தை முடித்தவன், பக்கத்தில் இருக்கிற ராஜபாளையத்துக்கு வராமலே விமானம் ஏறினான். காரணம் நான்தான். அதைப் பின்னால் சொல்கிறேன், சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கல்யாணச் செய்தியை லட்சுமி போனில் சொன்னபோது, "பத்திரிக வரட்டும்க்கா, பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"கூரியர்ல அனுப்பிருவோமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கூரியர்லயா? தாய்மாமன் பத்திரிக வாங்குதானா, இல்ல கரண்டு பில்லு வாங்குதானா?" என்றவள் அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கப்பல் போகும் வழியைப் படமாகப் பொன்மணி அனுப்பினாள். லட்சுமி அதை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். அன்று சாயங்காலமே பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறும் இடத்தில் அந்தத் தாம்பாளத்தால்தான் முதல் வில்லங்கம். எக்ஸ்ரே திரையில் வட்டமாக, பெரிதாக, கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. சீருடை போட்ட ஒரு பெண் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். தாம்பாளம், குங்குமச் சிமிழ், மஞ்சள், கொட்டைப்பாக்கு, ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, பட்டுச்சேலை, பட்டு வேஷ்டி. "இதெல்லாம் எதற்கு?" என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "கல்யாணத்துக்கு" என்றேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அடடா, வாழ்த்துகள்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அவள் சொன்னது எங்களுக்கு முன்னால் கப்பலுக்குள் போய்விட்டது. அறையில் கட்டிலின் மேல் துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னப்பறவைகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. சுற்றிலும் ரோஜா இதழ், கதவில் பலூன். அன்று சாப்பாட்டு மேசைக்குப் பரிமாறுகிறவர்கள் எட்டுப் பேர் வந்து நின்று கைதட்டிப் பாடி, கேக் வைத்துவிட்டுப் போனார்கள். சுற்றி இருந்த நூறு பேரும் கைதட்டினார்கள்.

"ஏட்டி, சும்மாவாவது சிரி. எல்லாரும் பாக்காக" என்றேன்.

"மக கல்யாணத்துக்குப் பத்திரிக வைக்க வந்த எடத்துல எனக்குக் கல்யாணமா? வெளிய தெரிஞ்சா சுந்தரபாண்டியத்துல தலகாட்ட முடியுமா?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. "இந்த வயதில் துணிச்சல்தான். ஆனால் பார், மணப்பெண் இப்போதே அழுகிறாள்."

அவர் பெயர் டக்ளஸ். நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்தவர். அவருக்கு இது பதினேழாவது கப்பல் பயணம். எந்த ஊரிலும் இறங்க மாட்டார். "கரையில் என்ன இருக்கிறது? எல்லா ஊரிலும் பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம்தான் விற்கிறார்கள். ஊர்ப் பெயர் மட்டும் வேறு" என்றார். என் ஊரைக் கேட்டார். நூல், மாம்பழம், நாய் என்று மூன்று சொன்னேன். அவருக்கு நாயில்தான் ஆர்வம். ஆடு மேய்க்குமா என்றார். "மேய்க்காது. ஆனால் ஒரு தடவை கோபித்துக்கொண்டால் சாகும்வரை மறக்காது" என்றேன். லட்சுமி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் தம்பியைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் முழுக்கக் கடல். எனக்குக் கப்பல் பிடித்துவிட்டது. அது ஒரு மிதக்கும் ஆலை. ஏழு மணிக்குப் பலகாரம் என்றால் ஏழு மணிக்குக் கதவு திறக்கிறது. கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார் என்றால் சொன்ன விநாடியில் பேசுகிறார். சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டியில் மட்டும் பதினைந்து தினுசு, அதில் எதைத் தின்றாலும் ஒரே ருசி. ஒரு மூலையில் "இந்தியா" என்று எழுதிப்போட்டு மஞ்சளாக ஒன்றும் சிவப்பாக ஒன்றும் வைத்திருந்தார்கள். தோசை கேட்டேன். போர்வை மாதிரி ஒன்றை மடித்துக் கொடுத்தார்கள். சாதத்தில் தயிரை ஊற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயை லட்சுமி வெளியே எடுத்தாள். மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் வரை எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாப்பிட்டு அறைக்குத் திரும்பினால் வெற்றிலையைக் காணோம். அறையைக் கூட்டித் துடைக்கிறவன் வாயன் என்று பாலித் தீவுக்காரன், நல்ல மனிதன். வாடின இலை எதற்கு என்று குப்பையில் போட்டுவிட்டான். லட்சுமி கட்டிலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பத்திரிகை கொண்டுபோகிற வெற்றிலை குப்பைக்குப் போனால் அது சகுனம் சரியில்லையாம். வாயனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுமணப் பெண்ணை அழவைத்த பாவம் தன்னைச் சேர்ந்துவிட்டது என்று பயந்து, மேலும் இரண்டு அன்னம் செய்து வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் வியட்நாம். ஊர் சுற்றப் போகிறவர்களுக்குச் சட்டையில் நம்பர் ஒட்டினார்கள். எங்கள் நம்பர் பதினான்கு. இனிமேல் பெயர் கிடையாது. கொடி பிடித்துக்கொண்டு முன்னால் ஒரு பெண், பின்னால் நாற்பது பேர். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் சைகோன் நகரத்தில் ஒரு தபால் நிலையம், ஒரு மாதா கோவில், ஒரு சந்தை. ராஜபாளையத்திலிருந்து நவக்கிரகக் கோவில்களுக்கு டூரிஸ்ட் பஸ் விடுகிறவர்கள் இரண்டு நாளில் ஒன்பது கோவில் காட்டுவார்கள், அவர்களிடம் இவர்கள் பாடம் கேட்க வேண்டும்.

அந்த ஊரில் சாலையைக் கடப்பது பெரிய வித்தை என்று பயம் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் மோட்டார் சைக்கிள் வருகிறது, யாரும் நிற்பதில்லை. எங்கள் கூட்டத்து வெள்ளைக்காரர்கள் ஓரமாக ஒட்டி நின்றார்கள். நானும் லட்சுமியும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நடக்கிற மாதிரி ஒரு கையை நீட்டிக்கொண்டு எங்கள் பாட்டுக்கு நடந்தோம். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தையில் எல்லாரும் தொப்பி வாங்கப் போனார்கள். லட்சுமி மட்டும் கீரைக்கடைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். அங்கே பச்சைப் பசேலென்று வெற்றிலை, பக்கத்திலேயே பச்சைப் பாக்கு. கடைக்காரம்மா வியட்நாமியில் பேச, இவள் சுந்தரபாண்டியத்துத் தமிழில் பேச, இரண்டு நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது. கொடி பிடித்த பெண் ஓடி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எங்கள் நாட்டிலும் கல்யாணப் பேச்சை வெற்றிலை பாக்கு வைத்துத்தான் தொடங்குவோம்" என்றாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பாத்தீகளா, வியட்நாம்காரிக்கே தெரியுது. நீங்க கூரியர்ங்கீக" என்றாள் லட்சுமி.

அந்த வெற்றிலைக்குக் கப்பலில் ராஜ மரியாதை கிடைத்தது. ஒயின் பாட்டிலைக் குளிரவைக்கிற வெள்ளி வாளி ஒன்றை வாயன் கொண்டுவந்தான். ஈரத்துணியில் சுற்றி அதில் வைத்து, காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் மாற்றினான். அப்போது அவன் முகம் கோவிலில் பரிகாரம் செய்கிறவன் முகம் மாதிரி இருக்கும்.

ஐந்தாம் நாள் தாய்லாந்து. பாங்காக்கில் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். பாதமே நம் வீட்டு மாடி உயரம். லட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெருமாளு படுத்திருக்காரு, இங்க இவரு படுத்திருக்காரு. சாமிகளுக்குத்தான் ஓய்வு, நமக்கு எங்க?" என்றாள். நம்பர் ஒட்டிய கூட்டத்துக்குப் புத்தரிடம் முப்பத்தைந்து நிமிடம் கொடுத்தார்கள். பிறகு நகைக்கடையில் ஒன்றரை மணி நேரம். உள்ளே போகிற கதவு சுலபமாகத் திறந்தது, வெளியே வருகிற கதவைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று துறைமுகத்தில் ஒரு காட்சி. ஐந்தரைக்குள் எல்லாரும் ஏற வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். மணி ஐந்து முப்பத்தேழு. ஏணியை எடுத்துவிட்டார்கள். தூரத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். மேல்தளத்தில் நின்ற கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது, அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழு நிமிடம்" என்று டக்ளஸிடம் கடிகாரத்தைக் காட்டினேன். "சரியாகத்தான் செய்தார்கள். ஒருவருக்காக நின்றால் எல்லாரும் கெட்டுப்போவார்கள்."

அவர் தலையாட்டினார். லட்சுமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கடிகாரம் பார்க்கிற என் முகத்தை அவள் முப்பது வருடமாகப் பார்க்கிறாள். "நீங்க மாறவே மாட்டீகளா?" என்று கேட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் கடல்தான். யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன்.

பொன்மணிக்கு மூன்று வயதில் காதுகுத்து. செட்டியார்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோவில். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். வேலு மலேசியாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, இதற்காகவே லீவு கேட்டு வாங்கி விமானம் ஏறினான். நல்ல நேரம் பத்தரை வரைக்கும். மணி பத்து இருபது ஆகியும் ஆளைக் காணோம். அப்போது எல்லார் கையிலும் போன் கிடையாது. "செத்த நேரம் பொறுங்க, வந்துருவான்" என்று லட்சுமி கெஞ்சினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் லட்சுமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பத்து இருபத்தெட்டுக்குக் காது குத்தியாகிவிட்டது.

பத்து ஐம்பதுக்கு வேலு வந்தான். மதுரையில் ஏறிய பஸ் கிருஷ்ணன்கோவில் பக்கம் நின்றுபோய், லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். சட்டையெல்லாம் புழுதி. கையில் சின்னக் கம்மல் பெட்டி. பிள்ளை காதில் வேறு கம்மல் கிடந்தது. "பஸ்ஸு நின்னுபோச்சு அத்தான்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் முன்கூட்டியே கெளம்பணும் மாப்ள" என்றேன். ஆலை கேட்டில் சொல்லிச் சொல்லி நாக்கில் தடித்துப்போன வார்த்தை. அவன் பெட்டியைச் சாமி காலடியில் வைத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் வந்த வழியே போய்விட்டான். நான் அதற்குப் பிறகும் நல்ல நேரத்தில் காரியத்தை முடித்த பெருமையில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு. மாலை நான்கரைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். லட்சுமி விடியற்காலையிலேயே பட்டுச்சேலை கட்டி, தாம்பாளத்தைத் துணிப்பையில் வைத்து, பாலித் தீவுக்காரனின் வாளியில் பிழைத்த வியட்நாம் வெற்றிலையைப் பத்திரமாக அடுக்கி, பூட்டி வைத்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் எடுத்துக்கொண்டாள். நானும் பட்டு வேஷ்டி கட்டினேன். வாயன் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்றைக்குத்தான் கல்யாணம் என்று நினைத்திருக்கிறான்.

இமிகிரேஷன் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டு கிடந்தது. பதினோரு மணிக்குத்தான் எங்கள் முறை வந்தது, பாஸ்போர்ட் நகலும் கப்பல் அட்டையும் காட்டினால் போதும் என்றார்கள். வாசலுக்குப் போக இன்னொரு வரிசை. நேரத்தை மிச்சம் பிடிக்க நான் ஒரு தந்திரம் செய்தேன். பஸ் கூட்டத்தோடு கலந்து, பக்கத்துக் கதவு வழியாக லட்சுமியை வெளியே இழுத்து வந்துவிட்டேன். பத்து நிமிடம் லாபம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் படகுத்துறை. ஏறி எதிர்க்கரையில் இறங்கி, டாக்ஸி பிடித்து, வேலுவின் வீட்டை அடைந்தபோது பன்னிரண்டேகால்.

வாசலில் பெரிய கோலம். வேலுவின் மனைவி மலர், மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்து பேச்சில் 'லா' சேர்க்கிற பெண், ஓடி வந்தாள். "வாங்கண்ணே, வாங்கண்ணி! எங்க அவரு? கூட வரலியா?"

"அவன் எங்க கூட எப்படித் தாயி வருவான்?" என்றாள் லட்சுமி.

"உங்கள ஏத்திட்டு வரத்தானே காலையில எட்டு மணிக்கே காரெடுத்துட்டுப் போனாரு! கப்பல் வாசல்ல நிப்பேன்னு சொன்னாரு லா!"

நாங்கள் வருவது ரகசியம் என்று லட்சுமி நினைத்திருந்தாள். சுந்தரபாண்டியத்துச் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் முன்பே சொல்லிவிட்டாளாம். மூன்று மணி நேரமாக அவன் பெரிய வாசலில் காத்து நிற்க, நான் பக்கத்துக் கதவு வழியாக அக்காவைக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

மலர் போன் போட்டாள். "அங்கயே உக்காரச் சொல்லு, வாரேன்" என்றானாம். ஆனால் படகில் கார் ஏற்ற மாட்டார்கள், பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். பாலத்தில் ஏதோ வண்டி மோதி நெரிசல். மேசையில் இலை போட்டு, சோறு, கோழிக்குழம்பு, மீன் வறுவல், ரசம் எல்லாம் மூடி வைத்திருந்தது. ஒரு மணி வரை பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

"அவன் வந்து சேர்ந்து, நாம திரும்பிப் போயி... நடக்காது. அவன அங்கயே நிக்கச் சொல்லுங்க. நாம படகுல போயி கப்பல் வாசல்லயே வச்சிருவோம்."

"செத்த நேரம் பொறுங்களேன்" என்றாள் லட்சுமி. சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சுருக்கென்றது. ஆனாலும் கால் வாசலுக்குப் போய்விட்டது.

டாக்ஸி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் கேஸ் சிலிண்டர் வண்டியில் ஏற்றிவிட்டார். பட்டுச்சேலையும் பட்டு வேஷ்டியுமாகச் சிலிண்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். கண் முன்னால் ஒரு படகு கிளம்பிப் போனது. அடுத்த படகு வருவதற்குள் மழை கொட்டியது. ஒருவழியாகக் கப்பல் வாசலுக்கு வந்தால், அவன் பாதி வழி போய், மலரின் போனைக் கேட்டு, மறுபடி கப்பல் வாசலுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறான். மூன்றே முக்காலுக்கு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் மழையில் ஓடி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஏலே வேலு" என்று லட்சுமி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "என்னலே, இம்புட்டு நரைச்சுப்போச்சு?"

"உனக்கு மட்டும் என்னக்கா, கறுப்பாவா இருக்கு?" என்றான். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். என் பக்கம் அவன் திரும்பவில்லை.

அந்த நடைபாதையிலேயே லட்சுமி தாம்பாளத்தை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், பால்கோவா, பத்திரிகை. நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். கப்பல் புகைப்படக்காரன் எங்கிருந்தோ வந்து, "மணமக்களே, இங்கே பாருங்கள், புன்னகை" என்றான். நாலைந்து பேர் செல்போனை நீட்டினார்கள்.

வேலு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்குலே."

"வாங்க மாட்டேன்க்கா. வீடு இருக்குல்ல எனக்கு? விடிஞ்சதுல இருந்து வாச தெளிச்சு, சோறாக்கி வச்சிருக்கா. ஒரு வாய் சாப்பிடாம எந்திரிச்சு வந்துட்டீகளாமே. தாய்மாமனுக்கு நடுரோட்டுல வச்சா குடுப்பாக? வீட்டுக்கு வந்து வைங்க, வாங்கிக்கிடுதேன்."

"ஏலே, கப்பலு போயிரும்லே."

"தெரியும்க்கா. அவியளுக்கு நேரம்னா நேரந்தான். நான் ஒண்ணும் சொல்லல." அவியள் என்றது என்னைத்தான்.

மணி நான்கு அடித்து மூன்று நிமிடம். வாசலுக்குள் போனால் இருபது நிமிடத்தில் அறைக்குப் போய்விடலாம். லட்சுமி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே அடுக்கியிருந்த வெற்றிலையை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவளோ, நான் என்ன சொல்வேன் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடத்தில் என்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அது எனக்குத் தாங்கவில்லை.

"வண்டி எங்க நிக்கு மாப்ள?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். புகைப்படக்காரன் மட்டும் அவசரமாகக் கப்பலைக் கைகாட்டினான்.

பாலத்தில் கார் ஊர்ந்தது. ஐந்து மணிக்கு நாங்கள் கடலுக்கு நடுவில் லாரிகளுக்கிடையே மாட்டிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் வெள்ளையாக எங்கள் கப்பல் நகர்ந்தது. என் பிரஷர் மாத்திரை, லட்சுமியின் நைட்டிகள், மகள் வாங்கிக்கொடுத்த கூலிங் கிளாஸ், வாளியில் மிச்சம் இருந்த வெற்றிலை எல்லாம் அடுத்த துறைமுகமான ஃபுக்கெட்டுக்குப் போகின்றன. போன் அடித்தது. துறைமுக ஏஜென்ட். பாஸ்போர்ட்டுகளை எங்கள் அறையிலிருந்து எடுத்துத் தன்னிடம் கொடுத்துவிட்டார்கள், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், பெட்டிகள் சிங்கப்பூருக்கு வரும் என்றார். பிறகு மெல்லிய குரலில், "தேனிலவு இப்படி ஆனதற்கு வருந்துகிறோம்" என்றார். லட்சுமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முன் சீட்டில் வேலுவின் தோள் குலுங்கியது. சிரித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போனபோது ஐந்து ஐம்பது. "ராகு காலம் முடியட்டும்ணே" என்றாள் மலர். பத்து நிமிடம் நின்றோம். ஆறு மணிக்கு மலர் விளக்கேற்றினாள். நானும் லட்சுமியும் தாம்பாளத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நீட்டினோம். வேலு ஈரக்கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

பத்திரிகையைப் பிரித்து மெதுவாகப் படித்தான். முகூர்த்த நேரம் போட்ட வரியில் விரலை வைத்தான். "ஒம்போதுல இருந்து பத்தரை" என்றான். பிறகு தலையைத் தூக்கி, இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"பஸ்ஸு கிஸ்ஸு நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும் மாப்ள. பத்தரை போனா அடுத்த முகூர்த்தம் பாத்துக்கிடுவோம். நீ வந்து புள்ள கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வந்த பொறவுதான் தாலி. அன்னைக்கும் நான் பொறுத்திருக்கணும். தப்பு எம்பேருல."

அவன் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அது சரியாக உட்காரவில்லை, எடுத்து இன்னொரு தடவை மடித்து வைத்தான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மலரு, அத்தானுக்கு மொத எலையப் போடு."